மும்பைக் கரையின் சிறு கடல்நத்தைகள்: ஓடு பெயரோடு பொருந்தாதபோது எங்கே பார்ப்பது

பெரிய சங்குகளை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றுக்குப் படம் போட்ட புத்தகங்கள் நிறைய உண்டு. ஹாஜி அலிப் பாறைகள், பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்ட், மரைன் டிரைவின் நாலுகால் கான்கிரீட் கட்டிகள், ஜுஹு மணல், செவ்ரிச் சேறு, இங்கெல்லாம் கிடைக்கும் விரல் நுனியளவு ஓடுகளைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்டுக்காக ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பா ஓடுகளோடு உட்கார்ந்து, திங்கட்கிழமை காலை ‘கடல் நத்தை – 1, கடல் நத்தை – 2’ என்று எழுதி அனுப்பும் பெற்றோரை எனக்குத் தெரியும். அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

பெயர் சிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், நாம் பார்க்கும் வரிசை. முதலில் கண்ணில் படுவது நிறம், அப்புறம் உருவம். வாயைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. சிறு நத்தைகளில் இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும். முதலில் வாய், அடுத்து மூடி (நத்தை உள்ளே போனதும் வாயை அடைக்கும் கதவு), அடுத்து மேற்பரப்பின் வரிகள், பிறகு உருவம். நிறம் கடைசியில்தான்.

தேவையான சாமான் அதிகமில்லை. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் 10 மடங்கு லென்ஸ் (ஜவேரி பஜார் பக்கம் கிடைக்கும்), மில்லிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் தாள், பழைய டூத் பிரஷ், ஒரு டார்ச். அழுக்கைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரஷால் எடுங்கள். வினிகர், எலுமிச்சை, கழிவறை ஆசிட் எதுவும் வேண்டாம். ஓடு சுண்ணாம்பால் ஆனது. அமிலம் பட்டால் அழுக்கோடு சேர்ந்து அடையாளமும் கரைந்துபோகும்.

ஓட்டை இப்படிப் பிடியுங்கள்: கூர்நுனி மேலே, வாய் உங்களைப் பார்த்து. நுனியிலிருந்து வாய்வரை முறுக்கி வருபவை சுற்றுகள். வாயோடு முடியும் பெரிய சுற்று கடைசிச் சுற்று. இரண்டு சுற்றுகள் ஒட்டும் இடத்தில் இருப்பது தையல்கோடு. வாயின் வெளி விளிம்பு வெளி உதடு, உள்பக்கம் இருப்பது நடுத்தூண். நடுத்தூணின் அடியில் சில ஓடுகளில் ஒரு குழி இருக்கும், அது தொப்புள். வாயின் அடிமுனையில் வெட்டு மாதிரி ஒரு பள்ளம் இருந்தால் அது காடி. இந்தக் காடிதான் கீழே பல இடங்களில் வழக்கைத் தீர்த்துவைக்கப்போகிறது.

“ஆப் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு பெயர் சொல்கிறது”

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் போன் ஆப்பைச் சொல்கிறீர்கள். நீங்கள் கொடுக்கும் படம் ஒரே கோணத்தில் இருக்கும். பெரும்பாலும் முதுகுப்பக்கம், அதுவும் உள்ளங்கையில் வைத்து, பாதி நிழலில். முதுகைப் பார்த்தால் பல குடும்பங்கள் ஒரே மாதிரிதான் தெரியும். குறைந்தது நான்கு படம் எடுங்கள்: வாய்ப்பக்கம், முதுகு, நுனியை நேராக மேலிருந்து, அடிப்பக்கம். எல்லாவற்றிலும் கிராஃப் தாள் தெரியட்டும். ஓட்டை ஒரு சிட்டிகை மணலிலோ கொஞ்சம் சப்பாத்தி மாவிலோ குத்தி வைத்தால் உருளாது.

வெளிச்சம் நேராக மேலிருந்து விழுந்தால் வரிகள் மறைந்துவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில், தாழ்வாகப் பிடியுங்கள். ஓட்டை நனைத்து ஒரு படம், உலர்த்தி ஒரு படம். நனைந்தால் நிறமும் கோலமும் எடுப்பாகத் தெரியும், உலர்ந்தால் மேடும் பள்ளமும் தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஆப் தடுமாறினால் அது சொல்லும் இனத்தின் பெயரை விட்டுவிட்டுக் குடும்பத்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பம் வரைக்கும் அது ஓரளவு நம்பக்கூடியது.

“உருவம் சரி, நிறம் மட்டும் ஒத்துப்போகவில்லை”

ஒத்துப்போக வேண்டிய கட்டாயமே இல்லை. ஜுஹுவிலும் மற்ற மணல் கரைகளிலும் சட்டைப் பொத்தான் மாதிரி தட்டையாக, பாலிஷ் போட்டது போல வழவழவென்று கிடக்குமே, அது உம்போனியம் வெஸ்டியேரியம். ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். சாம்பல், இளஞ்சிவப்பு, பழுப்பு, மஞ்சள், வரி போட்டது, புள்ளி போட்டது என்று எல்லாம் இருக்கும், எல்லாம் ஒரே இனம். இதைப் பிடித்துக்கொடுப்பது அடிப்பக்கம்தான். தொப்புள் இருக்க வேண்டிய இடத்தை ஒரு வழவழப்பான தடிப்பு மூடியிருக்கும். அந்தத் தடிப்பும் வில்லை போன்ற தட்டை உருவமும் சேர்ந்திருந்தால் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நிறம் ஏமாற்றுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. வெயிலில் கிடந்த ஓடு வெளுத்துவிடும். கறுப்புச் சேற்றில் புதைந்து கிடந்தது கறுத்துப்போகும். மேல்தோல் தேய்ந்த ஓட்டில் உள்ளே இருக்கும் முத்துப்படலம் வெளியே தெரிந்து, ‘வெள்ளி நத்தை’ என்று ஒரு புது இனத்தையே உண்டாக்கிவிடும். தேய்ந்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தால் தையல்கோட்டின் பள்ளத்தைப் பாருங்கள். பள்ளத்துக்குள் உராய்வு குறைவு என்பதால் பழைய நிறம் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்.

“கருஞ்சாம்பல் கூம்பு. மூன்று நான்கு பெயர்கள் பொருந்துகின்றன”

மும்பையில் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வாக்கில், கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில், கூம்பாக, பாறையில் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும். எல்லாம் ஒன்றுதான் என்று தோன்றும். வாயைத் திருப்புங்கள்.

முதல் கேள்வி: வாயின் அடியில் காடி இருக்கிறதா? இல்லை, வாய் ஒரே வளைவாக, எங்கும் வெட்டுப்படாமல் முழுமையாக இருக்கிறது என்றால் அது லிட்டோரினிடே குடும்பம். இதில் இரண்டு கூட்டத்தைப் பார்ப்பீர்கள். அலையின் தெறிப்பு மட்டுமே தொடும் உயரத்தில், வெயிலில் காய்ந்த பாறை மேல், ஒரு சென்டிமீட்டரை ஒட்டி, நீலம் கலந்த சாம்பலில் சிறு முடிச்சுகளோடு இருப்பது எக்கினோலிட்டோரினா. அலையாத்திச் செடிகளின் தண்டிலும் இலையிலும் ஏறி உட்கார்ந்திருப்பது லிட்டோரேரியா, இதன் ஓடு கொஞ்சம் மெல்லியது.

இரண்டிலும் பேரினத்தோடு (பெயரின் முதல் சொல்லோடு) நின்றுவிடுவது நல்லது. அலையாத்தி நத்தைகளை நெடுங்காலம் ‘லிட்டோரேரியா ஸ்கேப்ரா’ என்று ஒரே பெயரில் அடைத்து வைத்திருந்தார்கள். நத்தை ஆய்வாளர் டேவிட் ரீட் 1986இல் அவற்றைப் பல இனங்களாகப் பிரித்தார். ஓட்டோடு நிற்காமல் உள்ளுறுப்புகளையும், முக்கியமாக இனப்பெருக்க உறுப்புகளை, பார்த்ததால்தான் அது முடிந்தது. நம் கையில் இருப்பதோ வெறும் ஓடு. ‘லிட்டோரேரியா, இனம் தெரியவில்லை’ என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தைரியமாக ஸ்கேப்ரா என்று எழுதியிருக்கும் பட்டியலைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

காடி இருக்கிறதா? அப்படியென்றால் இரண்டாவது கேள்வி: மேற்பரப்பில் மணி கோத்தது போன்ற முடிச்சுகள் உண்டா, வெறும் வரிகள்தானா?

வெறும் வரிகள், அதுவும் சுற்றோடு சேர்ந்து ஓடும் தட்டையான மேடுகள், நடுவே ஒடுங்கிய பள்ளங்கள். காடி சின்னது, ஆழம் குறைவு. வெளி உதட்டின் உட்புறத்தை லென்ஸில் பார்த்தால் அங்கேயும் கோடுகள். ஓடு தடியாக, கனமாக இருக்கிறது. இது ப்ளானாக்ஸிஸ் சல்கேட்டஸ். லிட்டோரினிடே என்று தவறாகப் பெயர் வாங்குவதில் இதற்குத்தான் முதலிடம், அந்தச் சின்னக் காடியை யாரும் கவனிப்பதில்லை. இதன் தாய் நத்தை முட்டைகளைத் தலைப்பகுதியில் உள்ள ஒரு பையில் வைத்து அடைகாக்கும். ஓட்டில் அது தெரியாது என்றாலும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள், மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள்.

முடிச்சுகள் இருந்தால் மூன்றாவது கேள்வி: எங்கே எடுத்தீர்கள், பாறையிலா சேற்றிலா? பாறையில், குட்டையாகத் தடித்து, கறுப்பும் வெள்ளையுமான மணி வரிசைகளோடு இருப்பது க்ளைப்பியோமோரஸ், பெரும்பாலும் க்ளைப்பியோமோரஸ் பைஃபேசியேட்டா. செவ்ரி மாதிரியான சேற்றுத் தரையில், ஒல்லியாக நீண்டு, குறுக்கு மேடுகளைச் சுற்றுப் பள்ளங்கள் வெட்டி மணிகளாக்கியிருக்க, வெளி உதடு அகன்று வெளியே விரிந்திருப்பது பைரெனெல்லா சிங்குலேட்டா கூட்டம். அலை அடித்துக் கொண்டுவந்து இரண்டையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டால்? மூடி கிடைத்தால் தீர்ந்தது. பைரெனெல்லாவின் மூடி வட்டமாக, நடுவிலிருந்து பல சுருள்களாக விரியும். க்ளைப்பியோமோரஸின் மூடி முட்டை வடிவம், சுருள்கள் சில மட்டுமே, தொடக்கப் புள்ளியும் நடுவில் இருக்காது. மூடி கிடைக்காவிட்டால் வாயை வைத்தே சொல்லலாம், ஆனால் முழுதாக வளர்ந்த, உதடு உடையாத ஓடாக இருக்க வேண்டும்.

“உருண்டையாக இருக்கிறது, உள்ளே முத்துப் போலப் பளபளக்கிறது”

பளபளப்பு இருந்தால் ட்ரோக்கஸ் அல்லது டர்போ வழி வந்த கூட்டம். இங்கே மூடி ஒன்றே போதும். தடிமனாக, வெள்ளையாக, அரைக் கோளமாகக் கல் போல இருந்தால் டர்போ பக்கம். மும்பைப் பாறைகளில் இதற்கு உதாரணம் லூனெல்லா கொரோனேட்டா, சுற்றின் தோளில் முடிச்சுகள் இருக்கும். மூடி மெல்லியதாக, பழுப்பாக, வட்டமாக, கண்ணாடித்தாள் மாதிரி வளைந்தால் ட்ரோக்கஸ் பக்கம். தட்டையான அடியும் சிவந்த பட்டைகளும் கொண்ட கூம்பு ட்ரோக்கஸ் ரேடியேட்டஸாக இருக்கலாம்.

பளபளப்பு இல்லை, வாய் பாதி நிலா வடிவம், உள் விளிம்பு ஒரு மேடை மாதிரி அகன்று நிற்கிறது, அதில் சிறு பற்கள். அப்படியென்றால் நெரிட்டா. அந்த மேடையைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். நெரிட்டா ஆல்பிசில்லாவில் மேடை முழுக்கச் சிறு பருக்கள், மூடியின் மேலும் பொடிமணல் ஒட்டியது போலக் குருணைகள். நெரிட்டா போலிட்டாவில் மேடை வழவழப்பு. மேலே இருக்கும் கறுப்பு வெள்ளைக் கோலத்தை வைத்து நெரிட்டாவுக்குப் பெயர் வைக்கவே வேண்டாம், ஒரே பாறையில் பத்துக் கோலம் கிடைக்கும்.

“வாய் இடப்பக்கம் வருகிறது”

முதலில் போனைப் பாருங்கள். முன்பக்கக் கேமராவில் எடுத்த படம் கண்ணாடிப் பிம்பமாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம். கிராஃப் தாளில் ஒரு எழுத்தை எழுதி வைத்துவிட்டால் படம் திரும்பியிருப்பது உடனே தெரிந்துவிடும்.

அடுத்து, பிடிக்கும் முறை. நுனியைக் கீழே வைத்துப் பிடித்தால் வாய் பக்கம் மாறித்தான் தெரியும். நம் வீட்டுப் பெரியவர்கள் இதில் குறுக்கிடுவார்கள், காரணமும் உண்டு. பூஜை அறையில் நாம் வலம்புரி என்று போற்றும் அபூர்வச் சங்கை விலங்கியல் நூல்கள் இடச்சுற்று என்றே எழுதும், ஏனென்றால் அவை நுனியை மேலே வைத்துப் பார்க்கின்றன. அடையாளம் காணும்போது நூல் முறையையே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் சரிபார்த்த பிறகும் வாய் இடப்பக்கமே இருந்தால் மகிழ்ச்சியோடு லென்ஸை எடுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக, ஒல்லியாக, முழுக்க மணி வரிசைகளோடு இருந்தால் அது ட்ரைஃபோரிடே குடும்பமாக இருக்கும். கடற்பஞ்சுகளைத் தின்று வாழும் இவற்றுக்கு இடச்சுற்றே இயல்பு. ஓடு மெல்லியதாக, பழுப்பாக, கண்ணாடி போல ஒளி ஊடுருவுவதாக, மணியோ வரியோ இல்லாமல் இருந்தால் அது கடல்நத்தையே இல்லை. நாலா (சாக்கடைக் கால்வாய்) வழியாகக் கடலுக்கு வந்த ஃபைசா என்ற நன்னீர் நத்தை.

“புத்தகத்தில் உதடு தடிப்பு, தொப்புள் இல்லை என்றிருக்கிறது. என்னுடையதில் உதடு மெல்லியது, தொப்புளும் இருக்கிறது”

குட்டியாக இருக்கும். பல இனங்களில் வளர்ச்சி நின்ற பிறகுதான் உதடு தடிக்கும், பற்கள் வரும், தொப்புள் மூடும். உதட்டின் விளிம்பு பிளேடு மாதிரி மெல்லியதாக, லேசாக உடைந்தும் இருந்தால் அது இன்னும் வளர்ந்துகொண்டிருந்த நத்தை. அதே இடத்தில் பெரிய ஓடுகளைத் தேடி, சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக அடுக்குங்கள். நடுவில் எங்கும் வெட்டுத் தெரியாமல் ஒன்றிலிருந்து ஒன்று போனால் ஒரே இனமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

“நுனி இல்லை, சுற்றுகளை எண்ண முடியவில்லை”

எண்ண வேண்டாம். சேற்று நத்தைகளில் நுனி அரித்துப்போவது சாதாரணம். குறிப்பில் ‘நுனி தேய்ந்தது, மீதமுள்ள சுற்றுகள் இத்தனை’ என்று எழுதுங்கள். உயரத்தை மற்றவர்களின் அளவோடு ஒப்பிடாதீர்கள், அகலத்தை ஒப்பிடுங்கள்.

நுனி முழுதாகக் கிடைத்த ஓடு என்றால் அதைத் தனியாக எடுத்துவையுங்கள். அதன் உச்சியில் இருப்பது நத்தை குஞ்சாக இருந்தபோது சுமந்த ஓடு, வழக்கமாகக் கீழே உள்ள சுற்றுகளைவிட வழவழப்பாக இருக்கும், சட்டென்று ஓரிடத்தில் வரிகள் தொடங்கும். அந்தக் குஞ்சு ஓட்டில் ஒடுங்கிய சுற்றுகள் பல இருந்தால் குஞ்சு கடலில் மிதந்து வளர்ந்தது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். பெரிய குமிழ் போல ஒன்றரைச் சுற்றோடு முடிந்தால் முட்டையிலிருந்து நேராகத் தவழும் நத்தையாக வெளிவந்தது. வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சிறு இனங்களைப் பிரிக்க நிபுணர்கள் முதலில் தேடுவது இந்த உச்சியைத்தான். சாதாரண லென்ஸில் எண்ணுவது கஷ்டம், ஆனால் ஒடுங்கியதா குமிழா என்பது தெரிந்துவிடும்.

“ஓட்டில் வட்டமாக ஒரு துளை. இது இனத்தின் அடையாளமா?”

இல்லை, இது கொலைக்கான தடயம். துளையின் விளிம்பு சரிந்து, வெளியே அகலமாகவும் உள்ளே குறுகலாகவும் இருந்தால் பெரும்பாலும் மணலில் வாழும் நாட்டிசிடே நத்தையின் வேலை. சுவர் நேராக இருந்தால் பாறைகளில் வாழும் மியூரிசிடே கூட்டம், ஹாஜி அலிப் பக்கம் பாறைகளில் கரடுமுரடாகக் கிடக்கும் இண்டோதாய்ஸ் அந்தக் குடும்பம்தான். நூல் கோக்கத் துளைத்த மாதிரி முனையில் கரடாக ஓட்டை இருந்தால் அது எவரோ மாலை கட்டிய ஓடு.

அதோடு ஒரு எச்சரிக்கை. வாய் நீண்டு ஒடுங்கிய கீறல் போல, ஓடு ஐஸ்கிரீம் கோன் வடிவில், உள்ளே உயிர் இருந்தால் கையில் எடுக்காதீர்கள். கூம்பு நத்தைகளுக்கு விஷம் உண்டு.

“டப்பாவில் வைத்த ஓடு நடக்கிறது”

துறவி நண்டு. வந்த இடத்திலேயே கொண்டுபோய் விடுங்கள். அடையாளத்துக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. நண்டு ஓட்டை இழுத்துக்கொண்டு வேறிடம் போகும். அதனால் பாறையில் கிடைத்த சேற்று நத்தை ஓட்டைப் பார்த்து ‘இது பாறையிலும் வாழ்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள். நத்தையின் உடலும் மூடியும் பார்த்தால் மட்டுமே வாழிடம் உறுதி.

“பழைய புத்தகத்தில் உள்ள பெயர் இணையத்தில் இல்லை”

இருக்கிறது, வேறு வீட்டில். செரித்திடியா சிங்குலேட்டா என்று பழைய நூல்கள் சொன்னதுதான் பிறகு செரித்திடியோப்சில்லா ஆகி, இப்போது பைரெனெல்லா. நோடிலிட்டோரினா என்றால் எக்கினோலிட்டோரினா. இந்தியாவின் பல தாய்ஸ் இனங்கள் 2013க்குப் பிறகு இண்டோதாய்ஸ். நத்தை, சிப்பி இனங்களின் பெயர்களைத் தொகுத்திருக்கும் மொலஸ்காபேஸ் இணையதளத்தில் பழைய பெயரைத் தட்டினால் இன்றைய பெயருக்கே கொண்டுபோய் விடும்.

பெயருக்குப் பின்னால் வரும் ஆளையும் ஆண்டையும் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். ட்ரோக்கஸ் ரேடியேட்டஸ் க்மெலின், 1791 என்று அடைப்புக்குறி இல்லாமல் இருந்தால் அவர் வைத்த பேரினத்திலேயே அது இன்றும் இருக்கிறது. உம்போனியம் வெஸ்டியேரியம் (லின்னேயஸ், 1758) என்று அடைப்புக்குறிக்குள் வந்தால் அவர் வேறு பேரினத்தில் வைத்தார், பின்னால் வந்தவர்கள் இடம் மாற்றினார்கள் என்று பொருள். லின்னேயஸ் அதை ட்ரோக்கஸில்தான் வைத்திருந்தார். பழைய பட்டியலில் தேடும்போது இந்த அடைப்புக்குறி நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

“எதுவுமே பொருந்தவில்லை. புது இனமா?”

முதலில் சாதாரணக் காரணங்களைக் கழியுங்கள். மழைக்காலத்தில் மும்பைத் தோட்டங்களில் பெருகும் ஆப்பிரிக்கப் பெருநத்தையின் குட்டி ஓடு சாக்கடையோடு கடற்கரைக்கு வரும். மெல்லியதாக, நீளவாக்கில் பழுப்புக் கோடுகளோடு இருக்கும். மீன்தொட்டி மணலோடு வந்த ஓடுகள் உண்டு. கடற்கரைக் கடைகளில் விற்கும் ஓடுகள் வேறு கடல்களிலிருந்தும் வருபவை, கடைக்காரர் கூடையிலிருந்து உருண்டு விழுந்ததும் மணலில்தான் கிடக்கும். கடையில் வாங்கிய ஓட்டுக்கு இடம் எழுத முடியாது, இடம் இல்லாத ஓட்டைச் சரிபார்க்கவும் முடியாது.

அதற்குப் பிறகும் பொருந்தாமல், அளவும் சில மில்லிமீட்டர் மட்டுமே என்றால் ஆர்வம் வருவதில் தப்பில்லை. இந்தக் கரையில் அப்படி நடந்தும் இருக்கிறது. பம்பாயில் அலெக்சாண்டர் ஆபர்க்ராம்பி சேகரித்த ஓடுகளிலிருந்து ஜே. காஸ்மோ மெல்வில் 1893இல் 25 புதிய இனங்களை விவரித்து வெளியிட்டார். ஆனால் ஒரு ஓட்டை வைத்துக்கொண்டு அதுவரை போக முடியாது. நீங்கள் செய்யக்கூடியது, பிறர் சரிபார்க்கிற மாதிரி ஒரு விவரிப்பை எழுதுவது. பேரைத் தேடுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பெயர் தெரிந்த பிறகு எழுதினால் புத்தகத்தில் உள்ளது கண்ணில் தெரியத் தொடங்கிவிடும், இல்லாத பல்லும் முளைக்கும்.

மாதிரிக்கு ஒன்று:

உயரம் 21 மி.மீ., அகலம் 13 மி.மீ. தடித்த கூம்பு. நுனி தேய்ந்தது, மீதமுள்ள சுற்றுகள் 5. கடைசிச் சுற்று மொத்த உயரத்தில் பாதிக்கு மேல். சுற்றோடு ஓடும் தட்டை மேடுகள், இடையே ஒடுங்கிய பள்ளங்கள். குறுக்கு மேடு இல்லை, முடிச்சு இல்லை. வாய் முட்டை வடிவம், அடியில் ஆழம் குறைந்த காடி. வெளி உதட்டின் உட்புறம் கோடுகள். தொப்புள் இல்லை. முத்துப் பளபளப்பு இல்லை. மூடி இந்த ஓட்டில் இல்லை. பக்கத்தில் உயிரோடு இருந்த ஒன்றில் மெல்லிய பழுப்பு மூடி. கருஞ்சாம்பல் நிறம், வெள்ளைப் புள்ளிகள், நனைத்துப் பார்த்தது. இடம்: பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்ட், பாறை இடுக்கு, நடு அலைப்பட்டை.

ப்ளானாக்ஸிஸ் என்று இப்போது உங்களுக்கே தெரிகிறது. ‘இல்லை’ என்று வரும் சொற்களைப் பாருங்கள், தொப்புள் இல்லை, முடிச்சு இல்லை, பளபளப்பு இல்லை. இவற்றை எழுதாமல் விட்டால் படிப்பவருக்கு நீங்கள் பார்த்தீர்களா, பார்க்கவே இல்லையா என்று தெரியாது. ‘அழகான’, ‘சிறிய’, ‘வித்தியாசமான’ போன்ற சொற்கள் எதற்கும் உதவாது, சிறிய என்றால் எத்தனை மில்லிமீட்டர்?

இந்த விவரிப்பையும் நான்கு படங்களையும், உயிரினப் படங்களைப் போட்டுப் பெயர் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்டால் பார்க்க ஆள் உண்டு. மும்பையின் கரையோர உயிர்களை 2017 முதல் பதிவுசெய்துவரும் ‘மரைன் லைஃப் ஆஃப் மும்பை’ குழுவின் பதிவுகளோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். 1883இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் இருப்பதும் இதே ஊரில்தான்.

“மறுபடியும் போய் அதே நத்தையைத் தேடினேன், கிடைக்கவில்லை”

நேரம் தப்பு. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றம் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வரும், ஆழமான வற்று, அதாவது தண்ணீர் மிகத் தாழும் நேரம், காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் அமையும். கடல் ஏறி இறங்கும் உயரம் 4 மீட்டரைத் தாண்டும் நாட்களும் உண்டு. சென்னைக் கரையில் பழகியவர்களுக்கு இது புதிது, அங்கே ஒரு மீட்டர் சுற்றித்தான். ஆகவே அரை மணி நேரம் தள்ளிப் போனால் கீழ்ப்பட்டையில் இருக்கும் இனங்கள் தண்ணீருக்கடியில் போயிருக்கும். மும்பையின் கோலி மீனவர்கள் ‘ஓஹோட்டி’ என்று சொல்லும் இந்த வற்று தொடங்கும்போதே இறங்கி, தண்ணீர் திரும்புமுன் ஏறிவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாறைப் பக்கமே வேண்டாம். புரட்டிய கல்லை முன்பு இருந்த மாதிரியே திருப்பி வையுங்கள், அடியில் இருப்பவை வெயிலில் செத்துப்போகும். உயிருள்ளதைப் படமெடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். பெரிய ஓடுகளில் சில 1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை, அவற்றை வைத்திருப்பதே வம்பு.

“எடுத்துவைத்த ஓட்டில் வெள்ளையாக மாவு பூத்திருக்கிறது”

பூஞ்சை என்று நினைத்துத் துடைப்பீர்கள், மறுபடியும் வரும். இதை பைன் நோய் என்பார்கள். 1899இல் இதைப் பற்றி எழுதிய லாஃப்டஸ் பைன் பெயரால் வந்தது. நோய் என்ற பெயர்தான், கிருமி எதுவும் இல்லை. மர அலமாரி, பிளைவுட், அட்டைப்பெட்டி ஆகியவற்றிலிருந்து கசியும் அமில ஆவி ஈரக்காற்றோடு சேர்ந்து ஓட்டின் சுண்ணாம்பைத் தின்று உப்பாக மாற்றுகிறது. மும்பையின் ஈரப்பதத்துக்குச் சொல்லவே வேண்டாம். முதலில் போவது மெல்லிய வரிகளும் உச்சியும், அதாவது அடையாளத்துக்கு எது வேண்டுமோ அதுவே.

ஓட்டை நல்ல தண்ணீரில் பல முறை அலசி, நிழலில் முழுக்க உலர்த்துங்கள். கரைந்துபோன பகுதி திரும்ப வராது, ஆனால் மேலும் பரவுவது நிற்கும். மர டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா அல்லது கண்ணாடிக் குப்பிக்கு மாற்றுங்கள். பஞ்சு வைப்பதாக இருந்தால் அது முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். இடமும் தேதியும் எழுதிய சீட்டை ஓட்டோடு அதே குப்பிக்குள்ளேயே போடுங்கள், பென்சிலில் எழுதியதாக இருக்கட்டும். பேனா மை இந்த ஊர் மழைக்காலத்தைத் தாங்காது.